அக்காவை விசாரிக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

வேதாகமம் வாங்க வருகிறவர்களும் வாழ்த்து அட்டை அடிக்கக் கொடுப்பவர்களும் சில மாதங்களாக, "அக்காவை ஏன் கடையில் காணோம்?" என்று கேட்கிறீர்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவந்தோம். இனி மறைக்க வேண்டாம் என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். அவள் வாசித்துச் சம்மதித்த பிறகே இந்த மடலை அனுப்புகிறேன்.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சைக்குப் பின் அடங்கியிருந்தது, இப்போது எலும்புக்குப் பரவிவிட்டது. நான்காம் நிலை. எலும்பில் இருந்தாலும் இது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் எலும்பு முறியாமல் காக்கும் ஊசியும் கொடுத்து நோயை அடக்கி வைக்கிறார்கள். "எப்போது முடியும்?" என்று கேட்கிறீர்கள். இந்தச் சிகிச்சைக்கு முடிவு நாள் கிடையாது. மருந்து கேட்கும்வரை அது, கேட்காதபோது வேறொன்று. இப்படியே பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு, அவ்வளவு காலம் கிடைக்காதவர்களும் உண்டு.

அவள் குணமாக வேண்டும் என்றே ஜெபிக்கிறோம். யாக்கோபு நிருபம் சொல்கிறபடி சபை மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். பிறகு அவள் உயிலும் எழுதினாள். இது அவிசுவாசம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர், பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்ட அதே ஜெபத்தில்தான் பிதாவின் சித்தத்துக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார். அந்த ஜெபத்தைத்தான் நாங்களும் செய்கிறோம்.

"விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று மட்டும் அவளிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். அப்போஸ்தலன் பவுல், தம் உடம்பில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்? தூக்கம் வராத இரவுகளில் அவள் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கிறாள். முதல் இரண்டு வசனங்களிலேயே தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அப்படிக் கேட்பதும் ஜெபம்தான் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

வலிக்கு மார்ஃபின் எடுக்கிறாள் என்றதும் சிலர் கடைசிக் கட்டம் என்று பயந்துவிட்டீர்கள். அப்படியில்லை. மருத்துவர் சொன்ன அளவில் வேளை தவறாமல் எடுப்பதால்தான் அவளால் உட்கார்ந்து பேச முடிகிறது. லண்டனில் 1967இல், தீராத நோயாளிகளின் வலி தணித்துப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆத்துமாவிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். வலிதணிப்புச் சிகிச்சை என்பது கைவிடுவது அல்ல. நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே கூடவே பெற வேண்டியது அது. எங்களுக்கு அதை இன்னும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகளிடம் எதையும் ஒளிக்கவில்லை. மூத்தவள் மருந்து வேளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மா களைப்பதற்கு முன்பே குடும்ப ஜெபத்தை முடித்துவிடுகிறோம். யாருக்கு என்ன பயம் என்று அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். "அம்மா செத்துப்போனால் எனக்கு யாரு?" என்று சின்னவன் கேட்டது அங்கேதான். நான் வாயடைத்துப்போனேன். அவள்தான் அவனை மடியில் இழுத்துக்கொண்டு, யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். ஆண்டவர் பெயரைக் கடைசியில் சொல்லி, "அவர் எனக்கும் இருப்பார், உனக்கும் இருப்பார்" என்றாள்.

இனி கடை பிற்பகல் வரைதான் திறந்திருக்கும். அட்டை வேலைகளை வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் வரலாம். வந்தால் நோயைப் பற்றியே பேச வேண்டும் என்றில்லை. புதிதாக வந்த புத்தகங்களில் எது யாருக்குப் பிடித்தது என்று இப்போதும் என்னிடம் கேட்கிறாள். அதை நீங்களே அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

கர்த்தருக்குள் அன்புடன்,
கடைக் குடும்பத்தார்