கால் வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோயின் ஆரம்ப அறிகுறிகள் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கால் வீக்கம், பசியின்மை, உடல் அரிப்பு, ஓயாத களைப்பு என்று அதில் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவற்றை ‘ஆரம்ப’ அறிகுறிகள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அண்ணனுக்குக் கால் வீங்கியபோது, சிறுநீரகங்களின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டிருந்தது.

அவருக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார், வயதாகிவிட்டது என்றோம். காலையில் கண்ணிமைகள் தடித்திருக்கும். தூக்கம் கெட்டதால் என்றோம். தண்ணீர் ஊற்றிய பிறகும் கழிவறையில் சோப்பு நுரைபோல் ஏதோ அடங்காமல் மிதந்ததை அவரே பல மாதங்களாகப் பார்த்திருக்கிறார். கூச்சத்தால் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீரில் புரதம் ஒழுகினால் அப்படி நுரைக்கும். (வேகமாகக் கழித்தாலும் நுரை வரும், ஆனால் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். நாள்தோறும், கலையாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.)

எங்களை முழுதாக ஏமாற்றியது வேறொன்று. அண்ணனுக்குச் சர்க்கரை தானாகக் குறையத் தொடங்கியது. இன்சுலின் அளவைக் குறைத்த பிறகும் விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி எழுந்தார். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. இன்சுலினைச் சிதைத்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தளர்ந்துவிட்டால், போட்டுக்கொண்ட இன்சுலின் உடலிலேயே நெடுநேரம் தங்கிவிடும். காரணமே இல்லாமல் சர்க்கரை இறங்குகிறதென்றால் உடனே சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சில மாதங்களாவது மிச்சமாகியிருக்கும்.

ஒரு மாலை அவர் செருப்பைக் கழற்றியபோது, வார் இருந்த இடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் இயல்பைவிட மிக அதிகமாக 4.1 இருந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருக்கிறார்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிரியாட்டினின் ‘நார்மல்’ என்றுதான் அறிக்கைகள் சொல்லின. சிறுநீரகத்தின் திறன் ஏறத்தாழப் பாதி குறையும் வரைகூட அந்த எண் இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். அந்த எண்ணோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை (இ.ஜி.எஃப்.ஆர்.) கேட்டு வாங்க வேண்டும், அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அதற்கும் முன்பே காட்டிக்கொடுப்பது, சிறுநீரில் பார்க்கும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு, அல்புமின் என்ற புரதம் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு சிறு குப்பிச் சிறுநீர் போதும். அண்ணனுக்கு அந்தச் சோதனையை 14 ஆண்டுகளில் ஒருமுறைகூட யாரும் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சர்க்கரையோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் செய்துகொள்ள வேண்டும்.

எனக்கும் ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்தம் இருக்கிறது. அண்ணனைப் பார்த்துப் பயந்துபோய் நானும் சோதித்துக்கொண்டேன். அல்புமின் விகிதம் 74. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் 30க்கு மேல்தான். மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், மூட்டுவலிக்கு நானாக வாங்கி விழுங்கிவந்த மாத்திரைகளை நிறுத்தினார். கடந்த மாதம் 41க்கு இறங்கியிருக்கிறது. முதல் அறிக்கை கைக்கு வந்த அன்று எனக்குக் கால் வீக்கம் இல்லை, நுரை இல்லை, களைப்புகூட இல்லை.

அடுத்த முறை இந்த அறிகுறிப் பட்டியலை வெளியிடும்போது, அதற்கு மேலே இந்த இரண்டு பரிசோதனைகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி