யாரை?

அன்புள்ள சாமுவேல்,

தீபாவளிக்கு முன் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டித் தீர்த்துக்கொள். முழங்கால் பரவாயில்லை, சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே.

பேத்தியின் மதிப்பெண் அட்டையில் அவள் ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். வகுப்பில் மற்ற எல்லாரையும் இவள் 'எக்ஸெல்' செய்கிறாளாம். முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? 'எக்ஸெல்' என்றால் சிறந்து விளங்குவது. 'அட்' அல்லது 'இன்' போட்டு எதில் என்று சொன்னால் போதும். 'யாரை' என்பதற்கு அங்கே என்ன வேலை? சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். மருமகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் அகராதியைப் புரட்டினேன். 'யாரை'யும் வரலாமாம்! கொஞ்சம் பழைய வழக்கு, அவ்வளவுதான். உன் அப்பாவின் ஆங்கில பைபிள், அந்த 1611 மொழிபெயர்ப்பு, நீதிமொழிகள் 31:29-ஐ எடுத்துப் பார். 'தவ் எக்ஸெல்லஸ்ட் தெம் ஆல்'. தமிழில் 'நீயோ அவர்கள் எல்லாருக்கும் மேற்பட்டவள்'. உன் கல்யாணத்தில் பாதிரியார் இதை வாசித்தபோது என் கவனமெல்லாம் பிரியாணி வாசனையில் இருந்தது.

ஒருவன் பெரிதாகச் சொதப்பினால், 'தன்னையே எக்ஸெல் செய்துவிட்டான்' என்று பிரிட்டிஷார் கேலியாகவும் சொல்வார்களே, அது எனக்காகவே செய்த வாக்கியம். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இதற்கிடையே பேத்தி அர்த்தம் கேட்டாள். லத்தீனில் உயர்ந்து எழும்பி நிற்பது என்று தொடங்கினேன், கொட்டாவி விட்டாள். 'விஞ்சுவது' என்றேன். "யாரை?" என்றாள். 'மிஞ்சுவது' என்றேன். "மிஞ்சின சோறு மாதிரியா?" பெரியவர்களை மிஞ்சிப் பேசாதே என்று திட்டு வாங்குகிறவள், வேறென்ன கேட்பாள்? கடைசியில், அப்பாவின் கணினியில் கட்டம் கட்டமாக இருப்பதுதான் எக்ஸெல் என்று அவளே முடிவு கட்டினாள். 1985-இல் வந்த மென்பொருளிடம் நான் தோற்றேன்.

ஆனால் சாமுவேல், படுக்கும்போது மெல்லச் சொன்னாள்: பக்கத்து இருக்கைப் பெண் அட்டையைப் படித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்துவிட்டதாம். அந்த 'யாரை'யில் அவளும் ஒருத்தி அல்லவா? இலக்கணத்தில் நான் தவறு. அந்தக் குழந்தை விஷயத்தில் என் சிவப்பு மை அவ்வளவு தவறில்லை என்றே இன்னும் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பில் அந்த ஆறு மதிப்பெண்ணுக்காக நீயும் நானும் ஒரு மாதம் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறதா?

இப்போது ஆசிரியைக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். நீ எழுதி அனுப்பு. ஒரு புள்ளியைக்கூடத் திருத்த மாட்டேன்.

அன்புடன்,
ராமு