பிளகின் போடுவது சரி, ஓட விடுவது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிக்கூடங்களைப் பற்றிய பேச்சு எத்தனை இயந்திரம், இணையம் எவ்வளவு வேகம் என்பதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே எதை எப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

நான் வெள்ளவத்தையில் மாலை நேரத்தில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன், அதைத் தாண்டியவர்களுக்கு சி. பயிற்சிக்கு அவர்கள் போகும் லினக்ஸ் கூடத்தில் ஒரே சேர்வர், ஆளுக்கொரு கணக்கு, எழுதுவதற்கு விம் எடிட்டர். கடந்த விடுமுறையில் அங்கே விம்முக்குச் சில பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி தரும் சிறு துணை நிரல்கள், போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் போட்ட கையோடு எல்லாருடைய கணக்கிலும் தானாக ஓடும்படி விட்டுவிட்டார்கள்.

அதில் ஒன்று, டாப் விசையை அழுத்தினால் டாப்புக்குப் பதில் நாலு வெற்றிடம் வைக்கும். பைதனுக்கு அருமை. சி நிரலைக் கட்டும் 'மேக்' கருவிக்கான மேக்ஃபைல் என்ற கட்டளைக் கோப்புக்கு அதுவே எமன்: அங்கே கட்டளை வரி டாப்பில்தான் தொடங்க வேண்டும். ஒரு மாணவி புத்தகத்தில் உள்ளபடியே தட்டினாள். பிரிப்பான் இல்லை என்று மேக் முறையிட்டது. திரையில் பார்த்தால் டாப்பும் வெற்றிடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வரியை அழித்து அழித்து எழுதியதில் வகுப்பு நேரம் போய்விட்டது. இன்னொரு பிளகின், கோப்பைச் சேமிக்கும்போது வரிக் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களைத் துடைத்துவிடுகிறது. குறிப்பு எழுத உதவும் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து முறையில் வரிக் கடைசியில் இரண்டு வெற்றிடம் விட்டால்தான் வரி முறியும். அதில் எழுதிய பிள்ளைகளின் குறிப்புகள் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டன.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2016இல் வந்த விம் 8, பிளகின்களுக்கு இரண்டு கோப்புறைகளைப் பிரித்துத் தந்தது. 'ஸ்டார்ட்'டில் போட்டால் தானாக ஓடும். 'ஒப்ட்'டில் போட்டால் பயனர் 'பேக்ஆட்' என்று கூப்பிடும் வரை சும்மா கிடக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இருந்த விம் அட்ஆன் மேனேஜரும் இதே போக்குத்தான்: நிறுவுவது நிர்வாகி, இயக்குவது அவரவர்.

தெரியாத பிள்ளை எப்படி இயக்கும், போட்டும் பயனில்லையே என்பார்கள். அதில் நியாயம் உண்டு. விம்மே ஒரு பாதி வழி போனது: தன் விருப்பப்படி விம்மை அமைக்க எழுதும் விம்ஆர்சி கோப்பு சொந்தமாக இல்லாதவர்களுக்கு மட்டும் சில வசதிகளைத் தானாகக் கொடுத்தது. அதில் ஒன்று, மவுஸை விம்மே எடுத்துக்கொள்வது. 2017இல் டெபியன் 9 அதோடு வந்தபோது, டெர்மினலில் மவுஸால் நகலெடுத்து ஒட்டிப் பழகியவர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் சொந்தக் கோப்பு எழுதியதும் அது விலகிக்கொள்ளும். ஸ்டார்ட் கோப்புறையில் கிடக்கும் பிளகின் விலகாது. பயனரின் விம்ஆர்சியை விம் முதலில் படிக்கிறது, பிளகின்களை அதற்குப் பிறகுதான் ஏற்றுகிறது. ஆகவே பிள்ளை தன் கோப்பில் என்ன எழுதி வைத்தாலும் கடைசி வார்த்தை பெரும்பாலும் பிளகினுடையது. இதுதான் எனக்குப் பெரிய குறை.

பாதுகாப்பும் இருக்கிறது. பொதுவில் போட்ட பிளகின், விம்மைத் திறப்பவரின் அதிகாரத்தோடு ஓடும். நிர்வாகி ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில், திறந்தால் ரூட்டாகவே ஓடும். 2019இல் கோப்புக்குள்ளேயே விம்முக்கான அமைப்பை எழுதி வைக்க உதவும் மோட்லைன் வசதியில் ஓர் ஓட்டை வெளியானது. பொறி வைத்த கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓடிவிடும். டெபியன் அந்த வசதியை முன்பே அணைத்து வைத்திருந்ததால், அதில் கை வைக்காதவர்கள் தப்பினார்கள்.

தமிழ் எழுத்துருவும் ரெங்கநாதன் விசைப்பலகையும் வேறு கணக்கு. அவற்றை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டே ஆக வேண்டும். மாற்றித் தட்டும் வரை யாருடைய கோப்பையும் அவை தொடுவதில்லை.

கூடத்துப் பொறுப்பாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பிரிவு தொடங்குமுன் அந்தப் பிளகின்களை ஒப்ட் கோப்புறைக்கு மாற்றுங்கள். எது எதற்கு, எப்படிக் கூப்பிடுவது என்பதை லொகின் செய்ததும் வரும் அறிவிப்பில் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடுங்கள். தமிழ் வரிகளை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06