முகநூல் வியாபாரம்: ஞாயிறு கூடுவோம்

வணக்கம். ஹட்டன், டிக்கோயா பக்கம் கேக், தையல், தேயிலைப் பக்கெட் விற்கும் நம் உறுப்பினர்கள் ஜூன் 14 ஞாயிறு காலை 10 மணிக்கு வாசிகசாலைக்கு வாருங்கள்.

1. வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைப் போனில் இறக்கி வையுங்கள், இலவசம்தான். பொருள், படம், விலை எல்லாம் அதிலுள்ள கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) போடலாம்.

2. முகநூல் பக்கத்தின் இன்சைட்ஸ் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாருங்கள். எந்தப் பதிவு எத்தனை பேரிடம் போனது என்று அதில் தெரியும். லைக் கூடினால் மட்டும் போதாது. எத்தனை பேர் விலை கேட்டு எழுதினார்கள் என்பதே முக்கியம். போன தீபாவளிக்கு எனக்கு வந்த 4 கேக் ஓடர்களை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். நாலும் கைவிட்டுப் போயின.

3. குறை சொல்லும் கருத்தை அழிக்காதீர்கள். அன்றே பதில் எழுதுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயர் போடுங்கள். மழை என்றாலும் கூட்டம் நடக்கும்.