உன் முகவரி மாறவில்லைதானே?

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பியின் சங்கதிகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்தது மனதை விட்டுப் போகுதில்லை. குளிரைப் பற்றிச் சொன்னாய், வாடகையைப் பற்றிச் சொன்னாய். ஆய்வுகூடப் பேச்சே வரவில்லை. முன்பெல்லாம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாய். ஒரு வைரசின் நீள டிஎன்ஏ இழை, அதில் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து. இருநூறுக்கு மேல் குட்டி இழைகள் அதை அங்கங்கே மடித்துப் பிடிக்கும். மக்னீசியம் உப்புக் கரைசலில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் தானே வடிவம் எடுக்கும் என்பாய். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் போட்டால் சரிவராதா என்று அப்பா கேட்க, அந்தச் சூடு எந்த மூலைக்கு என்று நீ சிரித்த சிரிப்பு!

எல்லாம் விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்திரகாளி கோயிலடியில் மாமி கேட்டால், என் மகள் டிஎன்ஏயை மடித்து மருந்து வைக்கப் பெட்டி செய்கிறாள் என்று நிமிர்ந்து சொல்லுவேன். போன வெள்ளியும் கேட்டா. பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒப்பந்தம் டிசம்பரில் முடியும் என்று நீ எப்போதோ சொன்னது நினைவிருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. நிலாவெளி ரோட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கிறேன் என்று அப்பாதான் வெளிக்கிட்டார், நான் வாயை மூடச் சொன்னேன். அவ்வளவு படித்தது பாதியில் விடவா? விட்டாலும் சொல்லிவிட்டு விடலாம்தானே, நாங்கள் என்ன வேற்று ஆட்களா?

டிஎன்ஏயால் வடிவம் கட்டும் இந்த வேலையைத் தொடக்கி வைத்த விஞ்ஞானி நேட்ரியன் சீமன் கதையை நீதான் சொன்னாய். எஷர் என்ற ஓவியர் வரைந்த மீன் கூட்டத்தை நினைத்து அவருக்கு யோசனை பிறந்ததாம். 1982இல் கட்டுரை எழுதினார். நினைத்தபடி டிஎன்ஏயால் கட்டிய பளிங்கு கைக்கு வந்தது 2009இல். நடுவில் அவருடைய அம்மா என்னென்ன கேட்டிருப்பாவோ. நான் எதையும் கேட்கமாட்டேன்.

இரவில் வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே. சோறு சாப்பிடு.

மேல் அறைக்குப் புது மின்விசிறி போட்டிருக்கிறோம். வெயிலுக்குத்தான், வேறொன்றுமில்லை. கீரிமீன் கருவாடு அனுப்ப விடுவார்களா என்று தபால் கந்தோரில் கேட்கப் போகிறேன். உன் முகவரி மாறவில்லைதானே? மாறியிருந்தால் எழுது.

அம்மா