செவிலியர் பயிற்சியில் கேனுலா: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், வார்டுப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மாணவர்களோடு வார்டில் பணியாற்றும் செவிலியராக ஒரு கோரிக்கை வைக்கிறேன். சிரை வழியே மருந்து செலுத்த, ஊசியின் மேல் செருகி வரும் மெல்லிய குழாயான கேனுலாவைப் பொருத்துவதை ஊசி குத்தும் திறமையாக மட்டும் பார்த்து மதிப்பெண் இடாதீர்கள்; சிரையைத் தேடுவதிலிருந்து கேனுலாவை எடுக்கும் நாள் வரை அதைப் பொருத்திய மாணவரையே பொறுப்பாக்குங்கள். இப்போது ஊசியின் பின்னறையில் ரத்தம் தெரிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. மறுநாள் அந்தக் கை சிவந்து வீங்கினால், அதைப் பார்க்க அந்த மாணவர் அங்கே இருப்பதில்லை.

முதலில் கேனுலாவின் அளவைச் சொல்ல வேண்டும். அளவு எண்ணும் அதற்குரிய நிறமுமாக, 16 சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள் என்று நிறங்களை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். எண் கூடக் கூடக் குழாய் ஏன் மெலிகிறது, அதனால் என்ன ஆகிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். குழாயின் ஆரம் இரு மடங்கானால், சீரான ஓட்டத்தில் பாயும் அளவு ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அவர்கள் மனத்தில் பதிய வேண்டும். தொப்பூர் கணவாயில் விபத்துக்குள்ளாகி வருபவருக்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கும் பெரிய அளவில் இரண்டு கேனுலாக்கள் தேவைப்படும்போது, எளிதாகப் போய்விடும் என்பதற்காக நீலத்தை எடுக்கும் கை பழகிவிடக் கூடாது. கண்ணாடி விரியன் கடித்து வருபவருக்கோ கவனம் வேறு: கடிபட்ட கையிலோ காலிலோ போடக் கூடாது, ரத்தம் உறையாத நிலையில் தேவையின்றிக் குத்திய ஒவ்வொரு இடமும் கசியும்.

சிரையைக் கண்ணால் மட்டும் தேடாமல் விரலால் தடவி, அழுத்தினால் மீண்டெழுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மூட்டுகளையும், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையையும், மார்பக அறுவை நடந்த பக்கத்தையும் தவிர்க்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலால் துடைத்த தோல் தானாக உலரும் வரை காத்திருக்க வேண்டும். துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொடும் பழக்கத்தைத்தான் நான் அதிகம் காண்கிறேன். ஊசியின் சாய்முகம் மேல்நோக்க, 10 முதல் 30 பாகைச் சாய்வில் நுழைத்து, ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து ஊசியும் குழாயும் சேர்ந்தே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னேறிய பிறகே குழாயை மட்டும் தள்ள வேண்டும். அவசரத்தில் இந்தச் சிறு முன்னேற்றத்தை விட்டுவிடுவதால்தான் ரத்தம் வந்தும் குழாய் வெளியிலேயே தங்கிவிடுகிறது. பின்னிழுத்த ஊசியைக் குழாய்க்குள் மீண்டும் செருகக் கூடாது. குழாயின் நுனி வெட்டுப்பட்டு ரத்த ஓட்டத்தில் சென்றுவிடலாம். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

இரண்டு முறை தவறினால் மூத்தவரை அழைக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லி அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவரிடம், “வலிக்கிறதா, எரிகிறதா?” என்று அவர் மொழியில் கேட்கவாவது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மருந்து சிரைக்கு வெளியே கசிவதை முதலில் உணர்பவர் நோயாளிதான்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல், துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் உடனே போட வேண்டும். ஊசி குத்திக்கொண்ட மாணவர் திட்டுக்குப் பயந்து மறைத்தால், எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்குவதற்கான 72 மணி நேரம் கைநழுவிவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்பதால், அவர் தயங்காமல் ஓடிவரும்படி உங்கள் நடத்தை இருக்க வேண்டும்.

வரும் பயிற்சித் தொகுதியிலிருந்து பதிவேட்டில் சில கட்டங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: பொருத்திய நேரம், ஒவ்வொரு ஷிப்டிலும் சிவப்பு, வலி, வீக்கம் உண்டா என்ற குறிப்பு, இன்னும் தேவைதானா என்ற கேள்விக்கு விடை, எடுத்த நேரமும் காரணமும். கடைசிக் கட்டம் நிரம்பிய பிறகே ஆசிரியர் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
வார்டுச் செவிலியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.