பட்டுப்புழுக்கள் நூற்ற கூடாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வகத்தில் வடிவமைப்பாளர் நெரி ஆக்ஸ்மன் குழுவினர் 2013-இல் அமைத்த பட்டுக் கூடாரத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் விரிவாக எழுத வேண்டும். 26 பலகோணச் சட்டங்களில் இயந்திரம் பட்டு இழை ஓட்டியது. மிச்சத்தை நூற்று நிரப்பியவை 6,500 பட்டுப்புழுக்கள்.

கூடு கட்டப் புழுவுக்குப் பிடிமானம் வேண்டும். எங்கள் பக்கம் அதற்குத்தான் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டு வைப்போம். பிடிமானமில்லாத பரப்பில் விட்டால் அது கூடு கட்டாமல் தட்டையாக விரித்து நூற்கிறது. கூடு இல்லையென்றால், இழை எடுக்கப் புழுவோடு கூட்டைப் போடும் கொதிநீரும் இல்லை. நூற்று முடித்த புழு அந்துப்பூச்சியாகும் வரை உயிரோடு இருக்கும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் புழு வளர்த்தோம். மல்பெரி இலையைப் போட்டதும் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்கும். அப்புறம், கூடுகளை வேகவைக்கும் அந்த வாடை! இன்னும் மறக்கவில்லை.

நம் பட்டு வளர்ச்சித் துறையும் கவின்கலைக் கல்லூரிகளும் சேர்ந்து சிறிதாக ஒன்றைச் செய்து பார்க்கட்டும். மல்பெரித் தோட்டமும் புழு வளர்க்கத் தெரிந்த கைகளும் இங்கேயே இருக்கின்றன.

– ஒரு வாசகர், தர்மபுரி